வேலூர் வெயிலில் ஓவர்கிளாக்கிங்: அபெக்ஸா, ஹீரோவா?

பிராசசரையும் ரேமையும் கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். ஆசஸ் ராக் மேக்ஸிமஸ் இசட்790 வரிசையில் அபெக்ஸ், ஹீரோ என்ற இரண்டு மதர்போர்டுக்கும் ஒரே சிப்செட், பிராசசரைப் பொருத்த ஒரே எல்ஜிஏ1700 சாக்கெட். எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் நீட்டுவது பவர் ஸ்டேஜ் (பிராசசருக்கு மின்சாரம் தரும் சுற்று) கணக்கைத்தான்: அபெக்ஸில் 24, ஒவ்வொன்றும் 105 ஆம்பியர், ஹீரோவில் 20, ஒவ்வொன்றும் 90. இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 13900கே பிராசசருக்கு இன்டெல் சொல்லும் உச்சம் 253 வாட், 1.3 வோல்ட்டில் அது சுமார் 195 ஆம்பியர்தான். ஹீரோவின் 20 ஸ்டேஜைக் கூட்டினாலே 1,800 வருகிறது. அதற்கு மேல் இருப்பதெல்லாம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிரவைத்து வேகச் சாதனைக்கு ஓட்டுபவர்களுக்கு.

நம்மைத் தடுப்பது வெயில். சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே என் அறை. அக்னி நட்சத்திரத்தில் மதியம் 38 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. பிராசசரின் சூட்டு எல்லை 100 டிகிரி. ஏசி போட்டு 22-ல் சோதிப்பவருக்கு 78 டிகிரி இடைவெளி கிடைக்கிறது, எனக்கு 62. ஆக எந்த போர்டாக இருந்தாலும் கிளாக் வேகம் முதலில் சூட்டில்தான் முட்டி நிற்கும்.

அப்புறம் எதற்கு அபெக்ஸ்? ரேமுக்கு. அதில் இரண்டே ஸ்லாட். ஹீரோவில் நான்கு, அதில் இரண்டு ஸ்டிக் மட்டும் போட்டாலும் காலி ஸ்லாட்டுக்குப் போகும் தடத்தில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பும், வேகம் ஏற ஏற அந்த எதிரொலியே பிழையாகிறது. இரண்டு ஸ்லாட் போர்டில் அந்தத் தொல்லை கிடையாது, சாக்கெட்டுக்கும் ரேமுக்கும் நடுவே தடமும் குட்டை. ரேம் டைமிங்கோடு (ரேம் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்ற எண்கள்) இரவெல்லாம் மல்லுக்கட்டுபவர் இதற்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

இன்னொன்று, போர்டின் வலது ஓரத்தில் இருக்கும் பட்டன்கள். டைமிங் தப்பாகி டிடிஆர்5 ரேமின் டிரெய்னிங்கில் (ஆன் செய்ததும் போர்டு ரேமோடு சிக்னலைச் சரிபார்த்துக்கொள்ளும் கட்டம்) சிக்கிக்கொண்டால் சாதாரண ரீசெட் பட்டன் பல நேரம் வேலைக்கே ஆகாது, பவர் சப்ளையை அணைத்துப் போட வேண்டும். அபெக்ஸில் ரீட்ரை பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும். சேஃப் பூட் அழுத்தினால் நாம் போட்ட மதிப்புகள் அழியாமல் போர்டின் செட்டிங் திரையான பயாஸுக்குள் போகலாம், முப்பது எண்ணை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பழைய போர்டில் நள்ளிரவில் டார்ச் பிடித்து, செட்டிங்கை அழிக்க பேட்டரியைக் கழற்றி மாட்டியவன் நான், அதனால் இந்தப் பட்டன்கள் எனக்கு அலங்காரமில்லை.

ஆனால் அபெக்ஸின் பின்பக்கத்தில் மானிட்டரை மாட்ட எச்டிஎம்ஐ கிடையாது. கிராபிக்ஸ் கார்டு கெட்டால் திரை இருட்டுதான். ஹீரோவில் எச்டிஎம்ஐயும் உண்டு, இரண்டு தண்டர்போல்ட் 4 போர்ட்டும் உண்டு. காட்பாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பனுக்கு ஹீரோவைத்தான் சொன்னேன். அவனுக்கு நான்கு ஸ்லாட்டும் நிறையும் அளவுக்கு ரேம் வேண்டும், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

எனக்கு அபெக்ஸ்தான். வாங்குபவர்கள் ரேமுக்கு மேல் தனியாக ஒரு சின்ன ஃபேன் மாட்டுங்கள், மெமரி டெஸ்ட்டை மதியம் 2 மணிக்கு ஓட்டுங்கள். டிடிஆர்5 சூடேறினால் பிழை விடும். இரவில் தேறிய டைமிங் மே மாத மதியத்தில் தேறாது.