ஆடும் கீழ்ப் பல் செட்டுக்கு லொகேட்டர் பட்டன்: எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது

மேல் பல் செட் அண்ணத்தை மூடி, உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. நடுவில் நாக்கு, வெளியே கன்னம், உட்கார ஒரு குறுகிய ஈற்று மேடு, அவ்வளவுதான். பல் போன பிறகு கீழ்த் தாடை எலும்பு மேல் தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு கரைகிறது. மேல் செட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதவர்கள்கூடக் கீழ் செட்டை டம்ளர் தண்ணீரிலேயே போட்டு வைத்திருப்பது இதனால்தான்.

2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்புக்குள் பதிக்கும் உலோகத் திருகு) மேல் மாட்டும் செட்டையே முதல் தேர்வாக வைக்கச் சொன்னார்கள். அப்படி மாட்டப் பல வகை இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் லொகேட்டர் உயரம் குறைந்தது. இரண்டு இம்ப்ளான்ட்டும் கொஞ்சம் கோணலாக அமைந்திருந்தாலும் சமாளிக்கும். சட்டையின் டிச் பட்டன் மாதிரிதான்: இம்ப்ளான்ட் மேல் திருகிய உலோகக் குமிழ், செட்டின் அடியில் உலோக மூடி, மூடிக்குள் நைலான் வளையம். பிடிமானம் முழுக்க அந்த நைலானில் இருக்கிறது.

செட்டை மேலே தூக்கவிடாமல் பிடிப்பதில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செட்டே சரியில்லை என்றால் பட்டன் அதை மறைக்கும், திருத்தாது. அதனால் பட்டனுக்குப் பணம் கட்டும் முன் மூன்று சோதனை. வாயைப் பாதி திறந்து நாக்கை மேலுதட்டுக்குக் கொண்டுபோங்கள்; செட் உடனே எழும்பினால் ஓரம் நீளம், தேய்த்துக் குறைக்க வேண்டும். இரு பக்கக் கடைவாய்ப் பற்களையும் விரலால் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஊஞ்சலாடினால் அடிப்பாகம் ஈறோடு பொருந்தவில்லை, ரீலைன் வேண்டும், அதாவது ஈறுக்குப் பொருந்தும்படி அடியில் புது அக்ரிலிக் போட வேண்டும். மெதுவாகக் கடிக்கும்போது செட் முன்னே நழுவினால் கடி தவறு. பலருக்கு இந்த மூன்றைத் திருத்தியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒட்டும் பசை தற்காலிகம்தான். கீழே எச்சில் தேங்குவதால் சீக்கிரம் கரைந்துவிடும். துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். துத்தநாகம் உள்ள பசையை நெடுநாள் அளவுமீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து நரம்பு பாதித்திருக்கிறது. மேல், கீழ் இரண்டு செட்டுக்கும் போட்டாலே 68 கிராம் குழாய் ஏழெட்டு வாரம் வர வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்தால் செட் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

பட்டன் வேலையில் பெரும்பாலான தவறு நடப்பது, மூடியைச் செட்டுக்குள் பதிக்கும் நேரத்தில். மருத்துவர் முதலில் குமிழைச் சுற்றி வெள்ளை வளையம் போட வேண்டும். இதை விட்டுவிட்டால், மூடியைச் செட்டோடு ஒட்டவைக்கும் அக்ரிலிக் பிசின், குமிழின் இடுக்கில் இறங்கி இறுகி, செட் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். வளையத்தின் மேல் தற்காலிகக் கறுப்பு நைலானுடன் மூடியை மாட்டி, செட்டில் தோண்டிய குழியின் சுவர் மூடியை எங்கும் தொடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தொட்டால் செட் ஈறில் உட்காராமல் இம்ப்ளான்ட் மேல் தொங்கும். அதிகப்படியான அக்ரிலிக் வெளியேற நாக்குப் பக்கம் ஒரு துளை. இறுகும்வரை லேசாகக் கடித்திருந்தால் போதும். அழுத்திக் கடித்தால் ஈறு அமுங்கிய நிலையில் மூடி பதிந்துவிடும். ஈறு மீண்டதும் செட் எழும்பி, நைலான் ஓயாமல் இழுபடும். வெள்ளை வளையத்தை எடுத்து, கறுப்பு நைலானைக் கழற்றி நிரந்தர நைலானைப் போடுவது கடைசி வேலை. நீலம் சுமார் 0.7 கிலோ, இளஞ்சிவப்பு 1.4, நிறமற்றது 2.3 கிலோ இழுப்பைத் தாங்கும். நீலத்தில் தொடங்குவதே நல்லது. கைவிரல் மூட்டுவலி உள்ளவரால் நிறமற்ற நைலான் போட்ட செட்டைக் கழற்றவே முடியாமல் போகலாம்.

மாட்டும்போது கடித்து மாட்டக் கூடாது. நைலான் ஒரு பக்கமாகத் தேயும். இரு விரலால் நேராக அழுத்துங்கள். கழற்றும்போது இரண்டு பக்க ஓரத்தையும் ஒன்றாகத் தூக்குங்கள். குமிழின் உச்சியில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதில் சோற்றுத் துகளும் பற்காரையும் அடைத்தால் செட் முழுதாக இறங்காது. "பட்டன் பிடிக்கவில்லை" என்று வருகிற பலருக்குக் காரணம் இதுதான். மென்மையான பிரஷால் தினமும் சுத்தம் செய்யுங்கள். பிளீச் கலந்த தண்ணீரில் செட்டை ஊறவைக்காதீர்கள், நைலானின் பிடி தளர்ந்துவிடும். இரவில் கழற்றி வையுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நைலான் தேயும் பொருள், அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூடி பதித்த இடத்தில் அக்ரிலிக் மெலிவதால் செட் அங்கேதான் உடையும். புதிய செட் செய்வதானால் உள்ளே கோபால்ட்-குரோம் வலை வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பார்வையில் அதற்கு ஆகும் கூடுதல் செலவு வீணல்ல. இம்ப்ளான்ட் இரண்டும் முன்பக்கம் இருப்பதால் கடைவாய்ப் பகுதி இன்னமும் ஈறையே நம்பியிருக்கிறது. பின்னால் அழுத்தும்போது முன்பக்கம் எழும்பினால் ரீலைன் செய்யும் நேரம் வந்துவிட்டது. அதைச் செய்யாமல் நைலானை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் காசுதான் போகும்.

குமிழ் ஒவ்வொரு இம்ப்ளான்ட் கம்பெனிக்கும் வேறுவேறு. கம்பெனி பெயர், இம்ப்ளான்ட் அளவு, குமிழின் உயரம், நைலான் நிறம் நான்கையும் எழுதி வாங்கிப் பத்திரமாக வையுங்கள்; வேறு ஊரில் மாற்ற நேர்ந்தால் அந்தச் சீட்டு இல்லாமல் மருத்துவரால் சரியான பாகத்தை வரவழைப்பது கடினம்.