டெர்மினலுக்கு எந்த எழுத்துரு: தேஜாவு சான்ஸ் மோனோவா, ஜெட்பிரெயின்ஸ் மோனோவா?

சேலம் ஐந்து ரோட்டில் எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்த தம்பி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் ஜன்னலுக்கான இந்த இரண்டு எழுத்துருக்களைப் பற்றிக் கேட்டான்: "ண்ணா, ரெண்டுல எதப் போடறது?" என்னுடையது 768 பிக்சல் உயரமுள்ள பழைய லேப்டாப். ஏற்காட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நண்பனிடம் 4கே திரை. இரண்டிலும் ஓட்டிப் பார்த்தாச்சு.

காசு: இரண்டும் இலவசம்.

வரி உயரம்: சங்கதியே இங்கேதான். எழுத்தின் அகலம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் 16 பிக்சல் அளவில் தேஜாவு வரிக்குச் சுமார் 19 பிக்சல் எடுக்கும், ஜெட்பிரெயின்ஸ் 21. என் திரையில் மூன்று நான்கு வரி போச்சு. லாக் (புரோகிராம் எழுதிவைக்கும் பதிவு) பார்க்கும்போது பிழைச் செய்தி சரியாக அந்த வரிகளில்தான் ஒளிந்துகொள்ளும்!

தெளிவு: 2020-ல் வந்த ஜெட்பிரெயின்ஸில் சின்ன எழுத்துகள் உயரமானவை, கண்ணுக்கு இதம். சின்ன எல், பெரிய ஐ, 1 குழம்புவது இரண்டிலும் இல்லை.

லிகேச்சர் (அடுத்தடுத்த குறிகளை ஒரே உருவாகச் சேர்த்துக் காட்டுவது): ஜெட்பிரெயின்ஸில் மட்டும். அதுவும் கிட்டி என்ற டெர்மினல் புரோகிராமில் தெரியும், அலாக்ரிட்டி என்ற இன்னொன்றில் தெரியாது. எனக்கு அந்த அலங்காரமே வேண்டாம்.

தமிழ்: இரண்டிலும் கிடையாது, வேறு எழுத்துருதான் கைகொடுக்கணும்.

பழைய திரை, நீள லாக் என்றால் தேஜாவு. கூர்மையான திரையில் நாள் முழுக்கப் புரோகிராம் எழுதினால் ஜெட்பிரெயின்ஸ். தம்பியின் லேப்டாப் என்னுடையதைவிடப் பழசு.