பழைய மேட்ச் ஏர் ரைஃபிள் வாங்கறீங்களா? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி காத்து சிலிண்டர்ல இருக்கற தேதியைப் பாருங்க

பழைய ஏர் ரைஃபிள் வாங்கற ஐடியால யாராவது இருந்தா இதை முழுசா படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, விக்கறவர் உங்க ஃப்ரெண்டா இருந்தா இன்னும் நிதானமா படிங்க. நான் கோத்தகிரில இருக்கேன், டீ ஃபேக்டரில வேலை. பொண்ணு ஒன்பதாவது படிக்கறா, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ரெண்டு வருஷமா சுடறா. நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரைக்கும் போனதைப் பார்த்ததுல இருந்து அவளுக்கு வேற நினைப்பே இல்ல. சனிக்கிழமை ஆனா முதல் பஸ்ஸைப் புடிச்சு மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போவோம், அங்க ரேஞ்ச் ரைஃபிளை நாலு பேர் மாத்தி மாத்தி சுடுவாங்க. சொந்தமா ஒண்ணு வேணும்னு கோச் சொல்லிட்டே இருந்தார்.

அப்பதான் குன்னூர்ல இருக்கற என் ஃப்ரெண்டு, ஆறாவதுல இருந்து ஒரே பெஞ்ச், கூப்பிட்டு "மாப்ள, என் பையன் காலேஜ் போயிட்டான், அவனோட எஃப்டபிள்யூபி 700 சும்மா கிடக்கு, வெளிய கேட்டா ஒண்ணே முக்கால் தருவாங்க, உன் பொண்ணுக்குன்னா ஒண்ணரைக்கு எடுத்துக்கோடா"ன்னான். எஃப்டபிள்யூபிங்கறது மேட்ச் ரைஃபிள் பண்ற ஜெர்மன் கம்பெனி. புதுசு என்ன விலைன்னு டீலர்கிட்ட கேட்டேன், மூணு லட்சத்துக்கு மேல சொன்னாங்க. பாதி விலைக்குக் கிடைக்குதே, அதுவும் தெரிஞ்சவன்கிட்டன்னு மனசுல கணக்கு போட்டேன். அந்தக் கணக்குதான் தப்பு. டீலர் சொன்னது இப்ப வர்ற புது மாடலோட விலை, இது பழைய மாடல். அதை விட முக்கியமா, இந்தத் துப்பாக்கியை மேட்ச்ல நிக்கற நிலைக்குக் கொண்டு வர இன்னும் எவ்வளவு செலவாகும்னு நான் கேட்கவே இல்ல. கேட்டா சந்தேகப்படறேன்னு நினைச்சுப்பானோன்னு கூச்சம். வீட்டம்மா வளையலை அடகு வெச்சு 1,45,000 கையில கொடுத்தேன். பில் கேட்டதுக்கு "இதுக்கு லைசன்ஸே வேண்டாம்டா, அப்புறம் எதுக்கு பில்"னான். 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டம், 20 ஜூலுக்குள்ள சக்தி இருக்கற ஏர் கன்னுக்கு லைசன்ஸ் வேண்டாம்ங்கறது உண்மைதான், மேட்ச் ரைஃபிள் ஏழரை ஜூல் கிட்டதான் வரும். ஆனா பில்லும் சீரியல் நம்பரும் வேற விஷயம்ங்க. அது இருந்திருந்தா அவன் பையன் ரெண்டாவது ஓனர்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். "ரெண்டு வருஷம்தான் சுட்டான்"னு அவன் சொன்னது அவன் பையன் கணக்கு, துப்பாக்கியோட வயசு இல்ல.

முதல் ரெண்டு வாரம் நல்லாதான் இருந்துச்சு. அப்புறம் ஷாட் கீழ இறங்க ஆரம்பிச்சுது. எல்லாம் இல்ல, முதல் பத்து ஷாட் சென்டர்ல இருக்கும், முப்பதுக்கு மேல போனா கீழ கீழ விழும். ஏர் ரைஃபிள் டார்கெட்ல பத்துங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி, ஒரு ரிங்குக்கும் அடுத்த ரிங்குக்கும் நடுவுல ரெண்டரை மில்லிமீட்டர்தான். பாப்பா தன் மேலதான் தப்புன்னு நினைச்சா. கோச் மூச்சை மாத்தச் சொன்னார், ட்ரிகர் விரலை மாத்தச் சொன்னார், தோள்ல பதியற பட் பிளேட்டை ஏத்தி இறக்கினார். மூணு மாசம். ராத்திரி படுத்துக்கிட்டு "அப்பா, நான்தான் கடைசில டயர்டாகி கீழ இழுக்கறேன் போல"ன்னு அழுதா, நானும் "இன்னும் எக்சர்சைஸ் பண்ணும்மா"ன்னு சொல்லியிருக்கேன். காசு போனதை விட இதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல.

நவம்பர்ல ஒரு போட்டி. சாமானையெல்லாம் ரூல்படி இருக்கான்னு செக் பண்ற எக்விப்மென்ட் கன்ட்ரோல்ல ஜாக்கெட், ரைஃபிள் வெயிட் எல்லாம் பார்த்துட்டு, குண்டைத் தள்ற காத்தை அடைச்சு வெக்கற சிலிண்டரோட தேதி எங்கன்னு கேட்டாங்க. எனக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. சிலிண்டர்ல ஒரு கிளப் ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, அழகுக்கு ஒட்டியிருக்கான்னு நினைச்சிருந்தேன். அந்த ஆஃபீசர் ஓரத்தை நகத்தால நெம்பி உரிச்சார், அடியில சின்ன எழுத்துல 2011-ன்னு பொறிச்சிருந்துச்சு. தயாரிச்ச தேதில இருந்து பத்து வருஷம்தான் லைஃப், உலக ஷூட்டிங் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் ரூல்லயே இருக்கு, தேதி தாண்டாத சிலிண்டரை வெச்சுக்கறது ஷூட்டரோட பொறுப்பு. 2021-லயே முடிஞ்சு போன சிலிண்டரை நான் 200 பார் அழுத்தத்துக்குக் காத்து அடிச்சு பொண்ணு கையில கொடுத்திருக்கேன். கார் டயர்ல இருக்கற காத்து ரெண்டு பார் சொச்சம்தான், யோசிச்சுப் பாருங்க, அவ இடது கைக்குப் பக்கத்துலயே அது இருக்கு. பக்கத்து லேன் பையனோட அப்பா அவங்க ஸ்பேர் சிலிண்டரைக் கொடுத்ததாலதான் அன்னிக்கு அவ சுட்டா, அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் பத்தாது.

அப்புறம் கோயம்புத்தூர்ல சர்வீஸ் பண்றவர்கிட்ட கொண்டு போனேன். குண்டு வேகத்தை அளக்கற க்ரோனோகிராஃப்ல வெச்சு சுட்டுக் காமிச்சார், ஆரம்பத்துல செகண்டுக்கு 172 மீட்டர், நாப்பது ஷாட் தாண்டினதும் 158. ஒவ்வொரு ஷாட்டுக்கும் காத்தை ஒரே அழுத்தத்துல விடறது ரெகுலேட்டர், அது நல்லா இருந்தா ரெண்டு மூணு மீட்டர்தான் வித்தியாசம் வரணுமாம். இந்த வேகக் குறைச்சலுக்கே குண்டு மூணு மில்லிமீட்டர் கிட்ட கீழ இறங்கும், அதாவது ஒரு ரிங்குக்கு மேல. பொண்ணு மேல தப்பே இல்ல. ரெகுலேட்டரைக் கழட்டி வெள்ளைத் துணில வெச்சார், ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையம் ஒரு இடத்துல வெட்டுப்பட்டிருந்துச்சு, உள்ள சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. ஈரக் காத்து உள்ள போய் அலுமினியம் அரிச்சிருக்குன்னார். நம்ம மலையில ஆடி சாரல்லயும் மார்கழி பனிலயும் ஹேண்ட் பம்ப்ல காத்து அடிச்சா அந்த ஈரம் எல்லாம் உள்ளதான் போகும், ஃபில்டர் இல்லாம வருஷக்கணக்கா அடிச்சிருக்காங்க. துப்பாக்கிப் பெட்டில இருக்கற ஸ்பாஞ்சும் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், பேரல் வாய்ல துரு புள்ளி புள்ளியா இருந்ததை அவர் டார்ச் அடிச்சுக் காமிச்ச பிறகுதான் பார்த்தேன். புது சிலிண்டர் 28,000, சர்வீஸ் 9,000, துரு இருக்கற பேரல் அப்படியேதான் இருக்கு. எல்லாம் கழிச்சா இது ஒரு லட்சத்துக்கு மேல போகாத சரக்கு.

அவனுக்குப் போன் பண்ணேன். "ஸ்டிக்கர் பையன் ஒட்டினது, எனக்கு என்னடா தெரியும், ஊர்ல பாதிப் பேர் பழைய சிலிண்டர்லதான் அடிக்கறான், வெடிச்சிடுச்சா என்ன"ன்னான். சிலிண்டர் காசையாவது கொடுடான்னேன், வித்த பொருளுக்கு நான் பொறுப்பில்லன்னு வெச்சுட்டான்.

அதனால வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு கூச்சப்படாதீங்க. ஸ்டிக்கர் இருந்தா உரிச்சுத் தேதியைப் பாருங்க. காத்து அடிச்சு கேஜ் எவ்வளவு காட்டுதுன்னு எழுதி வெச்சிட்டு மறுநாள் காலைல திரும்பப் பாருங்க, இறங்கியிருந்தா லீக். ரைஃபிளை ஆடாம கட்டி வெச்சு 10 மீட்டர்ல பத்து குண்டு சுடச் சொல்லுங்க, பத்தும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையா விழணும், அதோட நிறுத்தாம அறுபது ஷாட் தாண்டின பிறகு இன்னொரு பத்து சுடுங்க, என்னுதுல குறை அங்கதான் இருந்துச்சு. ஒரிஜினல் டயாப்டரும் (கண்ணு வெச்சுக் குறி பார்க்கற பின்பக்க சைட்) காத்து அடிக்கற அடாப்டரும் கூட வருதான்னு கேளுங்க, எனக்கு அடாப்டரே தரல. ஒரு நாள் ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போய் கோச்சுகிட்ட காட்டறேன்னு சொல்லிப் பாருங்க, அதுக்கு ஒத்துக்கலைன்னா வேண்டாம்.

குன்னூர்ல அவன்கிட்ட இன்னொரு பழைய சிலிண்டர் ஸ்பேர்னு இருக்கு, அதையும் விக்கப் பார்க்கறான்னு போன வாரம் கேள்விப்பட்டேன். அதான் உடனே இதை எழுதறேன். அதுலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உரிக்காம வாங்கிடாதீங்க.