பூங்காவில் பள்ளியா, பைபாஸுக்கு அப்பால் பள்ளியா?

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, கன்னியாகுமரி செல்லும் நான்குவழிச் சாலையான பைபாஸை ஒட்டி வளர்ந்த எங்கள் குடியிருப்பில், பூங்கா நிலத்தில் அரசுத் தொடக்கப்பள்ளி கட்டலாமா என்ற கேள்வி தெருக்களை இரண்டாகப் பிரித்திருக்கிறது. காலையில் அந்தப் பூங்காவில் நடப்பவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் மனை வாங்கியபோது கிடைத்த நீலநிற வரைபடம் இன்றும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்திருக்கும் அந்தத் தாளில், ஒரே தெருவின் இரு புறங்களில் இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்றில் ‘பூங்கா’ என்றும், எதிரே உள்ளதில் ‘பள்ளி’ என்றும் எழுதியிருக்கிறது. பள்ளிக்கான மனையை எந்தத் துறையும் எடுத்துக்கொள்ளவில்லை. காலப்போக்கில் அது வீட்டுமனைகளாக மாறி, இப்போது அங்கே நான்கு வீடுகள் நிற்கின்றன. முறைப்படி பணம் கொடுத்து வாங்கிய அந்த வீட்டுக்காரர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. ஆனால் பள்ளிக்கு ஒதுக்கிய இடத்தைக் கைவிட்டதன் விலையைப் பூங்காவிடம் கேட்கிறோம் என்பதை இந்த விவாதத்தில் யாரும் சொல்வதில்லை.

பூங்காவில் பள்ளி கட்டச் சொல்பவர்களின் வாதம் வலுவானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு அருகிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் இடையில் பைபாஸ் ஓடுகிறது. பீடி சுற்றும் ஓர் அம்மா என்னிடம், “பூங்கா இருக்கட்டும் அண்ணாச்சி, எம்பிள்ள பைபாஸத் தாண்டிப் போறத ஒரு நாளு நின்னு பாருங்க” என்றார். மறுநாள் காலை எட்டே முக்கால் மணிக்குப் போய் நின்றேன். ஒரு சிறுமி தம்பியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி நடுத்தடுப்பின் இடைவெளியில் நின்றிருந்தாள். மூன்று லாரிகளும் ஒரு பேருந்தும் கடந்த பிறகுதான் இருவரும் மறுபாதியை ஓடிக் கடந்தார்கள். வழியில் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால் அந்தத் தூர வரம்பைக் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்றே மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகள் கூறுகின்றன. பூங்காவுக்காக உரத்துப் பேசும் எங்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் மெட்ரிக் பள்ளி வேனில் போகிறார்கள். சாலையைக் கடந்து நடப்பவை வேறு வீட்டுப் பிள்ளைகள்.

இருந்தாலும் பூங்கா நிலம் காலி மனை அன்று. மனைப்பிரிவு அங்கீகாரத்தின்போது திறந்தவெளிக்கென 10 விழுக்காடு ஒதுக்கி, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கும் முறையில் வந்த நிலம் அது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்று தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே கேட்டவர் தனியார், இங்கே கேட்பது அரசுப் பள்ளி என்ற வேறுபாடு நியாயமானதுதான். என்றாலும், திறந்தவெளி ஒருமுறை போனால் திரும்பாது என்பது யார் கட்டினாலும் மாறப்போவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் எங்கள் தாழ்ந்த தெருக்களின் தண்ணீர் வடிந்து தேங்கியது அந்தப் பூங்காவில்தான். வேம்புகளின் அடியில் முழங்கால் அளவு நின்று, மூன்று நாளில் மண்ணுக்குள் இறங்கியது. அங்கே சிமெண்ட் தளம் போட்டால் அடுத்த பெருமழையில் அந்தத் தண்ணீர் முதலில் வகுப்பறைக்குள்தான் வரும். அதோடு, கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடலையும் கேட்கிறது. வகுப்பறை, சமையலறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் அந்த நிலத்தில் எழுந்த பிறகு மிஞ்சுவது ஒரு முற்றம் அளவுக்குத்தான் இருக்கும்.

குளத்தங்கரைப் புறம்போக்கில் கட்டலாம் என்ற யோசனையை நீட்டிப் பேச வேண்டியதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் வாழும் நாம் குளத்தின் இடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது.

மீதமிருப்பது, பைபாஸுக்கு அப்பாலுள்ள பள்ளியையே விரிவாக்குவது. அதன் பின்புறம் சீமைக்கருவேலம் மண்டிய பள்ளி நிலம் இருப்பதால், பழைய கட்டடத்தின் மீது மாடி எழுப்பாமல் தரையிலேயே புதிய வகுப்பறைகள் கட்டலாம். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததைக் கண்ட ஊர் இது. பழைய சுவர்கள் மேல் பாரம் ஏற்றும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன். புதிய பள்ளிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியிலேயே இது முடியும். ஆசிரியர்களும் சத்துணவுக்கூடமும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், இருக்கிறது. குறை ஒன்றுதான், அதுவும் பெரிய குறை: சாலை. சுரங்கப்பாதைக்கு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்; ஓராண்டில் நடக்கும் காரியமன்று.

ஆகவே நான் விரிவாக்கத்தின் பக்கமே நிற்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. சுரங்கப்பாதை வரும்வரை இலவச வேனும், காலையிலும் மாலையிலும் சாலையில் ஒரு காவலரும் இருக்க வேண்டும். இவை உறுதியாகாமல் பூங்காவைக் காப்பாற்றினோம் என்று நாங்கள் மகிழ்ந்தால், எங்கள் நடைப்பயிற்சிக்கான விலையை அந்தச் சிறுமியும் அவள் தம்பியும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வரும் பகுதி சபைக் கூட்டத்துக்கு அந்த நீல வரைபடத்தின் நகலோடு போகிறேன். ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் வேன் ஓட வேண்டும் என்பதே அங்கே நான் வைக்கும் முதல் கோரிக்கை.