பிரெஞ்ச் பிரஸ்ஸா, பித்தளை ஃபில்டரா?

காபி போட இரண்டும் வீட்டில் இருக்கிறது, மாற்றி மாற்றிப் போட்டுக் குடிக்கிறேன். பிரெஞ்ச் பிரஸ் என்பது பொடியை வெந்நீரில் ஊறவிட்டு, கம்பியில் மாட்டிய சல்லடையை மேலிருந்து அழுத்தி வடிகட்டும் ஜாடி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பால் காபிதான் வேண்டும் என்றால் பிரஸ் பக்கமே போகாதீர்கள். ஃபில்டரில் அழுத்தி வைத்த பொடி வழியாக வெந்நீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதால் டிகாக்‌ஷன் கெட்டியாக வரும், எவ்வளவு பால் ஊற்றினாலும் தாங்கும். பிரஸ்ஸில் 30 கிராம் பொடிக்கு 450 மில்லி தண்ணீர், கிடைப்பது அப்படியே குடிக்கிற காபி. அதில் பாலை ஊற்றினால் கழுநீர்தான்.

கறுப்பாகக் குடிப்பவர்களுக்குக் கதை வேறு. சிக்கரி இல்லாத சிக்மகளூர் அராபிகா காபிக் கொட்டையைக் கோதுமை ரவை பதத்தில் கொரகொரப்பாக அரைத்து, கொதித்து அரை நிமிடம் ஆறிய தண்ணீரை ஊற்றி, 4 நிமிடம் விட்டு மெதுவாக அழுத்திப் பாருங்கள், கொட்டையின் மணம் தனியாகத் தெரியும். நான் முதல் தடவை ஃபில்டருக்கு வாங்கிய சிக்கரி கலந்த நைஸ் பொடியையே போட்டேன். கம்பி இறங்கவே இல்லை, பலம் கொடுத்து அழுத்தியதில் பாதி சட்டையில் தெறித்தது, மீதியில் ஒரே சேறு.

அப்புறம் இன்னொன்று, அழுத்தியதும் உடனே ஊற்றிவிட வேண்டும், பொடியோடு கிடந்தால் கசந்துவிடும். ஃபில்டரில் அந்தக் கவலை இல்லை, இரவே போட்டுவிட்டுத் தூங்கலாம்.

அவசரத்துக்கு பிரஸ். கழுவுவது இரண்டுமே தொல்லை, ஆனால் ஃபில்டர் ஓட்டை அடைத்தால் அடுப்புத் தீயில் காட்டினால் போதும்.