மூளையில் சேரும் இரும்பு: எந்த ஸ்கானை நம்பலாம்?

"ஐயா, உடம்பில் செல் துண்டு ஏதும் இருக்கிறதா?"

எம்ஆர்ஐ அறை வாசலில் படிவம் நிரப்பிய ஆஸ்பத்திரித் தம்பி அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி இது. அப்பா காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். தோலுக்கடியில் உளுந்தளவில் ஒன்று நகர்ந்தது. 2009இல் வன்னிப் போரில், புதுக்குடியிருப்பில் பட்ட எறிகணைத் துண்டு அது.

அப்பாவின் வலது கை நடுங்குகிறது, பார்க்கின்சன் நோயோ என்று சந்தேகம். இந்த நோயில், நடுமூளையிலுள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறு பகுதியில் இரும்பு அளவுக்கு மிஞ்சிச் சேர்கிறது. இரத்தப் பரிசோதனையில் அது தெரியாது, ஸ்கான்தான் காட்டவேண்டும்.

வலுவான காந்தத்தால் படமெடுக்கும் எம்ஆர்ஐயில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. எஸ்டபிள்யூஐ என்ற படமுறை இரும்பைக் கறுப்பாகக் காட்டும், ஆனால் அளவு சொல்லாது. ஆர்2 ஸ்டார் என்ற அளவீடு எண் தரும். இரும்பு கூடக்கூட எம்ஆர்ஐ சமிக்ஞை விரைவாக மங்கும். அந்த வேகத்தையே அது அளக்கிறது. ஹால்கிரன், சோராண்டர் என்ற ஆய்வாளர்கள் இறந்தவர்களின் மூளையை இரசாயன முறையில் ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் ஆழத்திலுள்ள குளோபஸ் பாலிடஸ் பகுதியில் 100 கிராமுக்குச் சுமார் 21 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகக் கண்டார்கள். இன்றும் ஸ்கான் எண்களை அந்த அளவுகளோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆர்2 ஸ்டாரின் குறை, சுண்ணாம்புப் படிவும் நரம்புகளின் மயலின் உறையும் அந்த எண்ணை உயர்த்திவிடும் என்பது.

மூன்றாவது வழியான கியூஎஸ்எம் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. அது காந்த ஏற்புத்திறனை, அதாவது ஒரு பொருள் காந்தப்புலத்துக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை, கணக்கிடுவதால் இரும்பு நேர்ப் பக்கத்திலும், சுண்ணாம்பும் மயலினும் எதிர்ப் பக்கத்திலும் விழும். என் தெரிவு இதுதான். ஆனால், அது சுற்றியுள்ள காந்தப்புலம் முழுவதையும் வைத்தே கணக்கிடுகிறது. காதருகே உருக்குத் துண்டு ஒன்று இருந்தால் புலம் கோணிப்போய், படம் முழுக்கக் கீறல் கீறலாக வரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, காந்தம் அந்தத் துண்டையே அசைக்கக்கூடும் என்பது. கண்ணிலோ முள்ளந்தண்டருகிலோ கிடந்தால் பார்வையும் நடையும் போகலாம். வன்னியில் எத்தனை உடம்புகளில் இவை இன்னும் கிடக்கின்றன! எங்களவர்களுக்கு முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் எம்ஆர்ஐ பற்றிய பேச்சு. உள்ளே போகலாமா என்பதைக் கதிரியக்க மருத்துவர் முடிவு செய்யட்டும்.

காந்தமே வேண்டாத வழி, நெற்றிப்பொட்டு வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட். பார்க்கின்சன் நோயாளர் பலரில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரிவதை 1995இல் ஜேர்மன் மருத்துவர்கள் எழுதினார்கள். அது இரும்போடு தொடர்புள்ள அடையாளம் மட்டுமே, அளவு அல்ல. சிலருக்கு எலும்பு தடித்திருப்பதால் ஒன்றும் தெரியாது. இருந்தும் அப்பாவைப் போன்றவர்களுக்கு இதையே முதலில் வைப்பேன்.

எண் கிடைத்தாலும் அதை வைத்து மருந்து கேட்கக்கூடாது. இரும்பை அகற்றும் டெஃபெரிப்ரோனைப் பார்க்கின்சன் நோயாளருக்குக் கொடுத்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. ஸ்கானில் இரும்பு குறைந்தது, நோயாளரின் நிலையோ மோசமானது.

அப்பாவை அன்று எம்ஆர்ஐக்குள் அனுப்பவில்லை. மருத்துவர் கையை மடக்கி நீட்டி, நடக்கவைத்துப் பார்த்தே நோயை உறுதிசெய்தார். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதிவைத்திருக்கிறேன்: "வலது காதின் பின்புறம் உலோகத் துண்டு. எம்ஆர்ஐக்கு முன் கேட்கவும்."