ஆப் டைமர் மட்டும் போதாது: டிஜிட்டல் வெல்பீயிங், நீண்ட காலப் பயன்பாட்டில்

போனில் செலவிடும் நேரத்தைக் காட்டி, கட்டுப்படுத்த உதவும் டிஜிட்டல் வெல்பீயிங் 2018-இல் ஆண்ட்ராய்டு 9-உடன் அறிமுகமானது; இன்று அநேகமாக எல்லா ஆண்ட்ராய்டு போன்களிலும் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பெரியவர்கள் பலர் அதில், ஒரு செயலிக்குத் தினசரி நேர வரம்பு வைக்கும் ஆப் டைமரை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, சில வாரங்களில் கைவிடுகிறார்கள். தங்களுக்கு மனஉறுதி இல்லை என்று நொந்தும்கொள்கிறார்கள். கோளாறு டைமரின் அமைப்பில்தான் இருக்கிறது.

இன்ஸ்டாகிராமுக்கு 30 நிமிடம் வைத்தால், முடிந்ததும் செயலி மூடிக்கொள்ளும், ஐகான் மங்கும். ஆனால் டைமரை நீக்க சில நொடிகள் போதும், கடவுச்சொல் கேட்காது. அதைவிடப் பெரிய ஓட்டை, கணக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்குவது. 11.40-க்கு மூடிய ரீல்ஸ், 12 மணிக்கு இன்னொரு 30 நிமிடத்தோடு திறக்கும். தூக்கம் கெடுவது இந்த நேரத்தில்தான். அதனால், தேர்ந்தெடுத்த செயலிகளைக் குறித்த நேரத்தில் நிறுத்திவைக்கும் ஃபோகஸ் மோடையும் சேர்த்தே வைக்க வேண்டும்: இழுக்கும் செயலிகளைத் தேர்ந்தெடுத்து, இரவு 10 முதல் காலை 7 வரை அட்டவணை. அந்த நேரத்தில் அவற்றின் அறிவிப்புகளும் வராது.

தூங்கும் நேரத்துக்கான பெட்டைம் மோட் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும், டூ நாட் டிஸ்டர்பை இயக்கி அழைப்பு ஒலியையும் அடக்கும்; செயலிகளைத் தடுக்காது. கண் பழகியதும் கறுப்பு வெள்ளையின் வீரியம் குறைந்துவிடும். வயதான பெற்றோரின் அழைப்பு இரவில் தவறிவிடுமோ என்று அஞ்சுபவர்கள், டூ நாட் டிஸ்டர்பில் நட்சத்திரமிட்ட எண்களை அனுமதித்து, ரிப்பீட் காலர்ஸையும் இயக்கலாம். 15 நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் மணி அடிக்கும்.

நெடுநாள் நிற்பவை வேறு. யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்திவைத்தால், முகப்பில் பரிந்துரைகள் வராது. தேடியதை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறலாம். வாட்ஸ்அப் வேலைக்குத் தேவை, தடுக்க முடியாது. குழுக்களின் அறிவிப்பை மட்டும் அணைத்தால் போதும். எல்லாவற்றிலும் பலனளிப்பது, சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றி, தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வைப்பது. எழுந்து போக வேண்டிய அந்தப் பத்தடி தூரம், எந்தச் செயலியும் தராத தடை.

டிஜிட்டல் வெல்பீயிங்கின் டாஷ்போர்டு காட்டும் மணிக்கணக்கை போன் அடிமைத்தனத்தின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, வேலையும் உறவும் கெடுவது தெரிந்தே தொடர்வது, வைத்துவிட்டால் எரிச்சலும் பதற்றமும் வருவது: கவனிக்க வேண்டியவை இவை. இன்னொன்று, மனச்சோர்வும் தூக்கமின்மையும் முதலில் வந்து, அவற்றிலிருந்து தப்பிக்கவே ஒருவர் போனில் ஒதுங்கியிருக்கலாம். அப்போது செயலியைப் பூட்டினால் தவிப்புதான் கூடும்; மனநல மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில், போன், இணையம் போன்றவற்றின் மிகைப் பயன்பாட்டுக்கென்றே 'ஷட்' கிளினிக் 2014 முதல் இயங்குகிறது. பெங்களூரு போக முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.